குடத்தை உதைக்கும் காட்சி

ஊரில் போர் முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். நாங்கள் வந்து குடியேறிய ஒக்லாந்தில், லின்ஃபீல்டில் ஒரு மண்டபத்தில் எங்கள் கலைவிழா நாடகத்துக்கு ஒத்திகை. தெற்கிலிருந்து வந்த படை யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த கதை; ஐந்நூறு, அறுநூறு வருடத்துக்கு முந்தியது. தோற்ற அரசன் பெண்டுபிள்ளைகளோடு கடல் கடந்து இந்தியாவுக்குப் போய்விட்டான். சனம் நல்லூரிலேயே கிடந்தது.

நாடகத்தை எழுதி இயக்கியவர் எங்கள் தமிழ்ச்சங்கத்துப் பெரிய மனிதர். ஊரில் சண்டை மூளுமுன்னரே விமானம் ஏறியவர். அவருடைய நாடகத்தில் ஓடிய அரசன் வீரன். வென்றவனுக்கு வாசலில் நிறைகுடம் வைத்த சனம் துரோகி.

"அந்தக் காலத்துச் சனமே அவையளைக் காறித் துப்பினது, தெரியுமோ?" என்றார்.

இவர் போய்ப் பார்த்தாராக்கும்! வென்றவனைப் பாடினவர்கள் இருக்கிறார்கள். தோற்ற ஊரில் அடுத்த நாள் அடுப்பு மூட்டியவள் என்ன நினைத்தாள் என்று யாரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. எழுதாத இடத்தையெல்லாம் இவர் தன் எச்சிலால் நிரப்பிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தந்தது ஊர்ப்பெண் வேடம். குடத்தைக் காலால் உதைத்து, "மானங்கெட்டதுகள்!" என்று கத்தி, அதை வைத்தவளின் முகத்தில் துப்பவேண்டும். குடம் எங்கள் வீட்டுப் பித்தளைக் குடம்தான். அம்மாவே புளி போட்டு மினுக்கி, ஏவன்டேலிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். ஃபிளாஸ்கில் தேத்தண்ணியோடு பின்வரிசைக் கதிரையில் இருந்தார்.

அம்மா நிறைகுடம் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். போர் முடிந்து முட்கம்பி முகாமில் இருந்தபோது பெரிய அதிகாரி ஒருவன் பார்வையிட வந்தான். தம்பியை அப்போதுதான் விசாரணைக்கென்று கொண்டுபோயிருந்தார்கள். பித்தளைக்கும் தேங்காய்க்கும் எங்கே போவது? தண்ணீர் வாளியில் வேப்பிலை செருகி, கூடார வாசலில் வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தம்பி இன்றுவரை வரவில்லை.

"உதை பிள்ளை, உதை! பிறகு துப்பு!"

நான் குடத்தைத் தொடாமல் நின்றேன்.

"என்ன, வசனம் மறந்திட்டீரோ?"

"இல்லை அண்ணை. குடம் வைச்ச மனுசி அங்க பின்னுக்கு இருக்கிறா. துப்புறதெண்டால் நீங்களே போய்த் துப்பிப்போட்டு வாங்கோ."

நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியவேண்டும் என்றில்லை. அம்மாவின் வாளிக் கதை சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதியிருந்தார்.

"சரி சரி, தேத்தண்ணி குடிச்சிட்டுத் தொடங்குவம்" என்றார்.

அம்மா எழுந்து வந்தார். ஃபிளாஸ்கைத் திறந்து முதல் கோப்பையை அவருக்குத்தான் நீட்டினார், இரண்டு கையாலும். சீ, அந்த மனிதர் கை கூசாமல் வாங்கினார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "சீனி காணாது அக்கா" என்றார்.