நான் பார்க்காத ஸ்கேன்

கனடாவின் வின்னிபெக் நகரில் என் வேலை ஒரு பிளாஸ்டிக் அட்டையில் தொடங்குகிறது. வருகிறவரின் பெயரைக் கேட்கும் முன்பே, வரவேற்பில் இருக்கும் பெண் மாகாணக் காப்பீட்டு அட்டையைக் கேட்கிறாள். அட்டை செல்லும் என்று கணினி சொன்ன பிறகுதான் ஆள் என் அறைக்கு வருகிறார். விளக்கைக் குறைக்கிறேன். சூடாக்கி வைத்திருக்கும் ஜெல்லை வயிற்றில் தடவுகிறேன். அடுத்த இருபது நிமிடமும் நான் திரையைப் பார்க்கிறேன், அவர் என் முகத்தைப் பார்க்கிறார். துடைத்துக்கொள்ளக் காகிதத் துண்டு நீட்டும்போது எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஏதாவது தெரிகிறதா? எனக்கும் ஒரே பதில்தான். "உங்கள் டாக்டர் சொல்லுவார்." என் சட்டையில் குத்தியிருக்கும் வில்லையில் 'கலை' என்றும் அதன் கீழே 'சோனோகிராஃபர்' என்றும் இருக்கிறது. ஸ்கேன் எடுத்துக் கொடுப்பவள் என்று அர்த்தம். எடுத்ததைப் படித்துச் சொல்ல வேறொருவர், வேறொரு கட்டடத்தில், என் கண்ணுக்கே படாமல் இருக்கிறார்.

வந்த புதிதில் இந்தப் பதில் என் வாயில் வரவில்லை. ஒரு பள்ளி ஆசிரியை, ஐம்பது வயது இருக்கும், பயந்துபோய்ப் படுத்திருந்தார். கல்லீரலில் கொஞ்சம் கொழுப்பு, வேறொன்றும் இல்லை. பாவம், நிம்மதியாக வீட்டுக்குப் போகட்டுமே என்று, "கொழுப்புதான், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டேன். நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார். நானும் ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட நினைப்பில் மதியம் தயிர்சாதத்தை நிதானமாகச் சாப்பிட்டேன். அவரோ, சொல்லக்கூடாத ஒருத்தி வலிய வந்து சொல்கிறாள் என்றால் பெரிதாக எதையோ மறைக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, தன் டாக்டரைக் கூப்பிட்டு அழுதிருக்கிறார். மறுநாள் எங்கள் மேற்பார்வையாளர் லிண்டா என்னை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். அவளுக்குக் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "கலை, அங்கே நீ யாராக இருந்தாய் என்று எனக்குத் தெரியும். இங்கே நீ டாக்டர் இல்லை" என்றாள்.

அங்கே, தமிழ்நாட்டில், ரேடியாலஜி எம்.டி. படித்து, எடுத்த ஸ்கேனைப் படித்துச் சொல்லும் டாக்டராக இருந்தவள் நான். அந்தப் பட்டத்தை இங்கே அனுப்பி வைத்தபோது, அது உண்மையான பட்டம்தான் என்று சரிபார்த்து ஒரு கடிதம் வந்தது. அதை வைத்துத் தொழில் செய்ய உரிமை இல்லை என்றும் அதே கடிதத்தில் இருந்தது. பரீட்சைகள் எழுதி, மறுபடி பயிற்சி மருத்துவராகப் பல வருடம் இருக்க வேண்டும். அந்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இரண்டு முறை விண்ணப்பித்தேன், இரண்டு முறையும் இல்லை என்றார்கள். கணவரின் கம்பெனி வேலையை நம்பி இரண்டு குழந்தைகளோடு வந்த குடும்பம். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்கேன் எடுக்கிறவர்களுக்கான பரீட்சையை எழுதினேன். பாஸானதற்குக் கணவர் கேக் வாங்கி வந்தார். ஒரு துண்டு தின்றுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதையெல்லாம் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, முக்கியமாக நைனாவிடம்.

நைனா, அதாவது என் அப்பா, செஞ்சி–திண்டிவனம் தடத்தில் கண்டக்டராக இருந்தவர். எங்கள் குடும்பத்தில் சொந்தமாக ஒரு காணி நிலம் யாருக்கும் இருந்ததில்லை. முதலில் அரசாங்கச் சம்பளம் வாங்கியது அவர், முதலில் டாக்டரானது நான். நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டர் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசையில் இருந்தது. மாடி முகப்பில் என் பெயரும் பட்டமும் போட்ட போர்டு. வண்டி உள்ளே திரும்பும்போது நைனா ஜன்னல் வழியாக அதைக் காட்டி, "அது நம்ம பொண்ணு" என்று படியில் நிற்பவர்களிடம் சொல்வாராம். ரிட்டையர் ஆன பிறகும் காலையில் பேப்பர் படிக்கிற சாக்கில் எதிர்க்கடையில் போய் உட்காருவார். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் மலைக்கோட்டையை அண்ணாந்து பார்ப்பார்கள். அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் போர்டைப் பார்த்தபடி டீ குடிப்பார்.

என் ஸ்கேன் அறையில் முடிவைக் கேட்காமல் யாரும் கட்டிலை விட்டு இறங்கமாட்டார்கள். மண்டகப்பட்டிலிருந்தும் சீயமங்கலத்திலிருந்தும் பஸ் மாறி வந்தவர்கள், "இன்னா டாக்டரம்மா தெரியுது?" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்பதைத் தவிர எல்லாவற்றையும் சொல்வேன், நல்லதோ கெட்டதோ, அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வேன். என் பட்டத்தால் இன்னொரு உபயோகமும் இருந்தது. தகுதி பெற்ற ரேடியாலஜிஸ்ட் ஒருவர் இருந்தால்தான் சென்டரை அரசாங்கக் காப்பீட்டுப் பட்டியலில் சேர்ப்பார்கள். என் சான்றிதழ் நகல் போன பிறகுதான் எங்கள் சென்டர் சேர்ந்தது. காப்பீட்டு அட்டை வைத்திருந்தவர்கள் அதன்பின் ஒரு ஸ்கேனுக்காகப் புதுச்சேரிக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. உரிமையாளர் பாஸ்கர் சான்றிதழைக் கண்ணாடி போட்டு, கட்டிலில் படுத்திருப்பவர் கண்ணுக்கு நேரே மாட்டினார்.

நான் கனடா கிளம்பும்போது அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். வேறு டாக்டர் கிடைக்கும் வரை, ஒரு ஆறு மாதம், சான்றிதழ் அங்கேயே இருக்கட்டும், பெயரை எடுத்துவிட்டால் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்றார். ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். ஆறு மாதம் நான்கு வருடமானது. முதல் வருடம் இரண்டு தடவை விசாரித்தேன். டாக்டர் வரப்போகிறார் என்றார். அப்புறம் நான் கேட்பதையே விட்டுவிட்டேன். தெரியாமல் விட்டேன் என்று சொன்னால் பொய். வின்னிபெக்கில் லிண்டாவுக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்துவிட்டு வந்த நாட்களில், செஞ்சியில் ஒரு சுவரிலாவது நான் டாக்டராக இருக்கிறேன் என்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஆசைக்கு நான் வெட்கப்படுகிறேன்.

போன ஆனி மாதம் ஒருநாள், நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலையில், அம்மா கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம். நைனா இளைத்துக்கொண்டே போகிறார், சோறு இறங்கவில்லை, சிறுநீரில் ரத்தம் போகிறது என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். மாசியிலிருந்தே என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். நீதானே பார்த்தாய் என்றாள் அம்மா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனில் ஒரு படம் வந்தது. நான் வேலை பார்த்த சென்டரின் தாள். நைனாவின் பெயர், வயது. இரண்டு சிறுநீரகமும் இயல்பு என்று அச்சாகியிருந்தது. கீழே என் பெயர், என் பட்டம், வெள்ளைத்தாளில் நான் போட்டுக் கொடுத்த அதே கையெழுத்தின் நகல்.

நைனா போனை வாங்கினார்.

"மாசியில போய் எடுத்தேன்மா. நீதான் பாத்து ஒண்ணும் இல்லன்னு கையெழுத்து போட்டிருந்தியே. அப்புறம் உங்கிட்ட போன் பண்ணி இன்னாத்த சொல்றது? நீயும் டென்ஷன் ஆவ" என்றார்.

அவரைப் பொறுத்தவரை கணக்கு சரிதான். போர்டில் என் பெயர் இருக்கிறது, நான் கனடாவில் இருக்கிறேன், அப்படியானால் பெண் அங்கிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கிறாள். அவராகவே அப்படி முடிவு செய்து, எதிர்க்கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். அதை நம்பிப் பலர் தைரியமாக அங்கே வந்திருக்கிறார்கள். தன் வயிற்றைக் காட்டப் போனபோதும், மகளிடமே காட்டப் போவதாகத்தான் போயிருக்கிறார். ரிப்போர்ட்டோடு ஒட்டியிருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் பார்த்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் வலது சிறுநீரகத்தின் கீழ்முனை எனக்குப் பிடிக்கவில்லை. அந்த விளிம்பு அப்படி உருண்டு வரக்கூடாது.

பாஸ்கரைக் கூப்பிட்டேன். அவர் வாதாடவில்லை. திண்டிவனத்திலிருந்து, ரேடியாலஜி படிக்காத ஒரு டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார், மற்ற நாட்களில் ஸ்கேன் எடுக்கும் பையனே எடுத்து டைப் செய்துவிடுகிறான் என்று ஒத்துக்கொண்டார். உங்கள் அப்பா என்று அவனுக்குத் தெரியாது என்றார். அது யாருடைய அப்பாவாக இருந்தால் என்ன என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், இந்த நான்கு வருடத்தில் நான் அதைக் கேட்கவே இல்லை என்பது எனக்கு உறைத்தது. "மேடம், நீங்க தானே இருக்கட்டும்னீங்க" என்று மட்டும் கடைசியில் சொன்னார். லீவு கேட்டு, டிக்கெட் போட்டு, ஐந்தாம் நாள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன்.

மறுநாளுக்கே புதுச்சேரியில் சி.டி. ஸ்கேன் எடுக்க ஏற்பாடாகியிருந்தது. என்னால் அதுவரை பொறுக்க முடியவில்லை. நைனாவை அழைத்துக்கொண்டு நேராக சென்டருக்குப் போனேன். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சீயமங்கலத்துப் பெண் ஒருத்தி பையிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்து நீட்டி, போன தடவை நீங்கள் அங்கிருந்தே பார்த்ததுதான் என்று சிரித்தாள். நான் வாங்கிக்கொண்டேன், அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. உள்ளே நைனா பனியனைத் தூக்கிவிட்டுப் படுத்தார். வயிறு ஒட்டிப் போயிருந்தது. வலது பக்கம் கருவியை வைத்ததுமே கட்டி தெரிந்துவிட்டது, எலுமிச்சையை விடப் பெரிதாக. அளந்தேன். மறுபடி அளந்தேன். மாசியில் இது இவ்வளவு இருந்திருக்காது.

நைனா திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை, என்னைக் கேட்காமலேயே, திரையை அவருக்குத் தெரியாதபடி அந்தப் பக்கம் தள்ளியது. முகம் தானாக ஒன்றும் இல்லாத முகமாக மாறியது.

"இன்னாமா தெரியுது?" என்றார்.

"டாக்டர் சொல்லுவாங்க நைனா."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. வின்னிபெக்கில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை சொல்கிற வாக்கியம், தமிழில், என் அறையில், என் சான்றிதழுக்கு எதிரில். நைனா சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை, குழம்பித்தான் போனார்.

"டாக்டரு நீதானம்மா."

திரையை அவர் பக்கம் திருப்பினேன். கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, அடுத்து என்ன செய்வார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அந்த மாசி ஸ்கேனை நான் பார்க்கவில்லை என்றும் சொன்னேன். கனடாவில் நான் டாக்டர் இல்லை, எடுத்துக் கொடுக்கிறவள் மட்டும்தான் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். கட்டியைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டிக்கொண்டிருந்தவர், இதற்குத் தலையாட்டவில்லை. பனியனை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, வெளியே எல்லாரிடமும் சொல்லிவிட்டேனே என்றார்.

புதுச்சேரியில் அந்தச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார்கள். மாசியிலேயே பிடித்திருந்தால் அந்தப் புள்ளி இருந்திருக்குமா என்று அங்கே இருந்த டாக்டரிடம் நான் கேட்கவில்லை. பதில் எனக்கே தெரியும் என்பதால் அல்ல, யாருக்கும் தெரியாது என்பதால். மீதியிருந்த லீவில் பாஸ்கரை உட்காரவைத்து, என் கையெழுத்தோடு போன ரிப்போர்ட்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்யச் சொன்னேன். வந்தவர்களை நானே மறுபடி பார்த்தேன். நம்பர் மாறியவர்கள், எடுக்காதவர்கள், வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கடைசி நாள் சான்றிதழைக் கழற்றினேன், போர்டையும் இறக்கச் சொன்னேன். காப்பீட்டுப் பட்டியலிலிருந்து சென்டர் போய்விட்டது. அட்டைக்காரர்கள் மறுபடி புதுச்சேரிக்குப் பஸ் ஏறுகிறார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் போகும்போது சிலர் என்னைத் திட்டிக்கொண்டே போவதாக அம்மா சொல்கிறாள். நைனா எதிர்க்கடைக்குப் போவதில்லையாம்.

நேற்று என் கட்டிலில் ஒரு கோதுமை விவசாயி படுத்திருந்தார். எழுபது வயது இருக்கும், நகக்கண்ணில் மண். வலது பக்கம் கருவியை வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, ஏதாவது தெரிகிறதா என்றார். உங்கள் டாக்டர் சொல்லுவார் என்றேன், குரல் மாறாமல்தான் சொன்னேன். அவர் சரி என்று கூரையைப் பார்க்கத் தொடங்கினார். காகிதத் துண்டை எடுத்துக் கொடுக்கலாம் என்று பார்த்தால், என் இடது கை திரையின் ஓரத்தைப் பிடித்திருந்தது. திருப்பவும் இல்லை, விடவும் இல்லை.