தம்பி கமா போடமாட்டான்

செங்கல்பட்டில் ஒரு அச்சகத்தில் மெய்ப்பு திருத்துகிறவள் நான். கமா, முற்றுப்புள்ளி இல்லாத பக்கத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கென்று வாய்த்த தம்பியோ எழுதவே மாட்டான். திருவிடந்தை பக்கம் அம்மாவோடு இருந்து மீன் வியாபாரம் பார்த்தவன், போனில் மைக்கை அமுக்கிப் பேசுவான். அது தன் பாட்டுக்கு எழுத்தாக்கி எனக்கு அனுப்பிவிடும். மருந்துக்குக்கூட ஒரு புள்ளி இருக்காது.

"நடுவுல மூச்சு விடுடா சனியனே" என்று திட்டினால், "பேசச்சொல்லோ எவங்கா கமா போடுறான்" என்பான். அதற்கும் கேள்விக்குறி கிடையாது.

மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, மீன் ஏற்றிக்கொண்டு போனவனை ஈசிஆர் ரோட்டில் லாரி அடித்துப் போட்டுவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் அம்மா என் போனைக் காட்டி, "அவன் உனுக்கு அனுப்புனத படி" என்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது. அழுகையை அடக்கிக்கொண்டு ஆரம்பித்தேன். தொழில் புத்தி போகுமா? நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, 'கீது'வை 'இருக்கிறது' என்றும் 'கீறேன்' என்பதை 'இருக்கிறேன்' என்றும் ஆக்கிப் படித்தேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாடி, நியூஸ் வாசிக்கிற? எம்புள்ள இப்டியா பேசுவான்?"

சரியென்று ஒரே மூச்சில் படித்தேன். "யக்கா நாளிக்கு வரச்சொல்லோ நெத்திலி எடுத்தாறேன் கொயம்பு வச்சி வையி அம்மா உன்னியே கேட்டுகினு கீது நீ இன்னா ஊரப்பாக்கம் போயி பெரிய மனுசி ஆயிட்டியா..." என் வாயிலிருந்து அவன் வந்தான். அதே அவசரம், அதே நக்கல். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "வண்டிய மெதுவா ஓட்டுடா" என்றாள்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. நான் ஊரப்பாக்கம் வீட்டுக்குத் திரும்பிய அன்று சாயங்காலமே அம்மா போன் செய்தாள். "அவன பேசச் சொல்லு." பேசினேன். தினமும் பேசினேன். பழைய மெசேஜெல்லாம் தீர்ந்ததும் நானாகவே சொல்ல ஆரம்பித்தேன்: இன்னிக்கி வஞ்சிரம் கெடைக்கல வெயிலு ஒரே பேஜாரா கீது. வீட்டுக்காரர், "இது நல்லதுக்கில்ல, நிறுத்து" என்றார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அச்சகத்தில் உட்கார்ந்திருக்கும்போதே உள்ளே அவன் பேசிக்கொண்டிருக்கிறான். போன வாரம் ஒரு பக்கம் முழுக்க ஒரு கமாகூடப் போடாமல் விட்டிருக்கிறேன். முதலாளி கத்து கத்தென்று கத்தினார்.

நேற்று எனக்கு நல்ல காய்ச்சல். போனை எடுத்து, என் குரலில், "அம்மா, நான்தாம்மா. எனக்கு உடம்பு முடியல" என்றேன்.

அம்மா மெதுவாகக் கேட்டாள், "அவன் இல்லியா?"

"கீறேம்மா சொல்லு" என்றேன்.