என்னோடு படிப்பவர்கள்

சென்னையில் ஒரு கல்லூரியில் இரண்டு வருடம் பி.பி.ஏ. படித்தேன். மூன்றாம் வருடம் தொடங்கும் நேரத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. படிப்பை அப்படியே விட்டுவிட்டு தெலுங்கு மாநிலத்தில், மௌலா அலி என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி, பக்கத்து நாச்சாரத்தில் பிளாஸ்டிக் மூடிகள் செய்யும் ஒரு சின்ன ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா மெல்ல எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் ஆறு வருடம் படிப்பின் பக்கம் போகவில்லை. பழைய கிரெடிட்டுகளை வேறொரு கல்லூரிக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதற்கும் காலக்கெடு உண்டு, தவறவிட்டால் முதல் வருடத்திலிருந்துதான் என்று ஒருவர் சொன்னபோதுதான் பயம் பிடித்தது. காலை வகுப்பு நடத்தும் ஒரு கல்லூரியில் நேராக மூன்றாம் வருடத்தில் சேர்ந்தேன். வகுப்பு முடிந்ததும் பைக்கில் ஃபேக்டரிக்கு ஓடுவேன்.

முதலாளியிடம் இதைச் சொல்லவில்லை. டிகிரி வாங்கினால் ஓடிவிடுவான் என்று இப்போதே வேறு ஆள் தேடுவாரோ என்ற பயம்.

வகுப்பில் எல்லோரும் என்னைவிட ஆறேழு வயது சின்னவர்கள். 'அண்ணா' என்றார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்துப்போயிற்று. லெக்சரர் கொள்முதல் பற்றி வாயைத் திறந்தாலே கையைத் தூக்கி, "எங்க கம்பெனில பர்ச்சேஸ் முழுக்க நான்தான் பாக்கறேன்" என்று ஆரம்பித்துவிடுவேன். உண்மையில் நான் செய்தது, மூன்று சப்ளையர்களுக்கு போன் போட்டு விலை கேட்டு, ஒரு தாளில் எழுதி முதலாளியின் மேஜையில் வைப்பது. டிக் அடிப்பது அவர்.

கடைசி செமஸ்டரில் ஒரு சிறு நிறுவனத்தை நேரில் பார்த்து ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். என் குழுவில் இரண்டு பையன்கள், ஒரு பெண். அவளும் தமிழ்தான். அப்பா ஐ.டி. வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர். அவள் வளர்ந்தது இங்கே என்பதால் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவாள்.

"அண்ணா, உங்க கம்பெனியே சேத்தாமா, அதையே பண்ணலாமா? நீங்கதானே அங்க மெயின்?"

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சனிக்கிழமைகளில் முதலாளி வசூலுக்கு பட்டான்செரு போய்விடுவார். அந்த நாளாகப் பார்த்து வரச் சொன்னேன்.

வந்தார்கள். மெஷின் பக்கம் நின்று நான் கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி உள்ளே வந்தார். அன்றைக்கு அவருடைய டிரைவர் லீவு. பட்டான்செரு போகவே இல்லை.

"யார் இவர்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

"தெரிஞ்சவங்க வீட்டுப் பசங்க சார். ஏதோ காலேஜ் ப்ராஜெக்டாம்" என்று நானும் இந்தியில் சொன்னேன். மூவருக்கும் இந்தி தெரியும் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

அவர் ஒன்றும் கோபப்படவில்லை. அவர்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கார் சாவியை என்னிடம் நீட்டி, "வீட்டுக்குப் போய் மேடத்தை டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டு வா. இவர்களுக்கு நான் சுற்றிக் காட்டுகிறேன்" என்றார்.

"ஜி சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர்கள் பக்கம் திரும்பாமல் வெளியே போய் காரை எடுத்தேன். டாக்டர் வீட்டு வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது, இந்நேரம் பர்ச்சேஸ் யார் பார்க்கிறார்கள் என்று அவரிடம் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவர்கள் போயிருந்தார்கள்.

அடுத்த வாரம் முழுக்கக் கல்லூரிக்குப் போகவில்லை. "ஏன்டா, இன்னிக்கும் காலேஜ் நக்கோவா, போக வேண்டாமா?" என்று அம்மா கேட்டாள். வகுப்பு இல்லை என்றேன். அந்தப் பெண்ணின் அழைப்புகளை எடுக்கவில்லை. ஒருநாள் ஃபேக்டரி வாசலிலேயே வந்து நின்றாள்.

"வைவா வருது அண்ணா. உங்க பார்ட் யார் சொல்றது?"

"நான் டிரைவர் வேலையும் பாக்கறவன்தான்மா. அன்னிக்கே பாத்தீங்கல்ல. வகுப்புல சும்மா பீத்திக்கிட்டேன்."

"அது ஓகே அண்ணா. எங்க டாடியும் மேனேஜர் கூப்பிட்டா அப்படித்தான் ஓடுவாரு." பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "ஆனா, எங்ககூட படிக்கறேன்னு ஏன் சொல்லல? தெரிஞ்சவங்க வீட்டுப் பசங்கன்னு சொன்னீங்க. நாங்களும் சார்கிட்ட மாத்திச் சொல்லல. பசங்க ரெண்டு பேரும் ரொம்ப ஃபீல் ஆயிட்டாங்க."

சாவியைப் பற்றி ஆயிரம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. "ஸாரிமா" என்றேன். "சரி, வைவாக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனாள்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், இந்த நிறுவனத்தில் கொள்முதலை முடிவு செய்வது யார் என்று கேட்டார். மூவரும் என் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். "முதலாளிதான் சார். நான் அங்க கிளார்க். விலை கேட்டு எழுதி வைப்பேன்" என்றேன். சொன்னதும் பாரம் இறங்கியது என்றெல்லாம் இல்லை. காது சுட்டது. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

பாஸாகிவிட்டேன். இனியும் மறைப்பது சரியில்லை என்று அரைக் கிலோ ஸ்வீட் வாங்கிக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன்.

"எப்போது படித்தாய்?"

"காலையில சார். ஒரு வருஷமா."

"பரீட்சைகள்?"

ஸ்வீட் டப்பாவை அவர் மேஜையில் வைத்தேன். அவருக்குக் கணக்குப் போட நேரம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பரீட்சைக்கும் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித்தான் லீவு எடுத்திருந்தேன். ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும் சொல்லியிருக்கிறேன். அன்று சாயங்காலம் அவரே போன் செய்து, எந்த ஆஸ்பத்திரி, நான் வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் சார், தேவலை என்றேன். அப்பா அப்போது பக்கத்து அறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா நன்றாக இருக்கிறார்தானே?" என்று கேட்டார் முதலாளி.

"இருக்கார் சார்."

"அது போதும்" என்று ஒரு துண்டு மைசூர்பாகை எடுத்துக்கொண்டார். "சொல்லியிருந்தால் லீவு கொடுத்திருப்பேனே."

சில மாதங்களில் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியின் கொள்முதல் பிரிவில் வேலை கிடைத்தது. அவர்தான் என்னைப் பற்றி அங்கே நல்லவிதமாகச் சொன்னார். என் பட்டத்தை அம்மா கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள்; அதன் கீழே உட்கார்ந்துதான் அப்பா டி.வி. பார்ப்பார். விருந்தாளிகள் யாராவது அதை நிமிர்ந்து பார்த்தால், நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விடுகிறேன்.