படகுப் பலகையும் இரண்டு தங்கமீன்களும்

முழங்கால் வீங்கி, இனி தண்ணீரில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன வாரத்தில், என் வீட்டுக்காரர் பொன்னேரியிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியும் மூன்று தங்கமீன்களும் வாங்கி வந்தார். பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடித்தே இருபது வருஷம் ஓட்டியவள் நான். சும்மா உட்கார எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

மீனைக் குழம்பு வைக்காமல் வேடிக்கை பார்க்கிறாள் என்று எங்கள் ஊர் கோட்டைக்குப்பமே சிரித்தது. சிரிக்கட்டும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் செடி என் தொட்டிக்குள் வரக்கூடாது, நம் ஊரில் கிடைப்பதை வைத்துத்தான் அழகு செய்வேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

கரையில் எங்கள் உடைந்த படகின் பலகைத் துண்டு ஒன்று கிடந்தது. உப்பிலும் வெயிலிலும் வரிவரியாகத் தேய்ந்து, அவ்வளவு அழகு. நாலு தடவை தேய்த்துக் கழுவி உள்ளே வைத்தேன். மறுநாள் காலையில் தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் மின்னியது. ஒரு மீன் செத்து மிதந்தது. மற்ற இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"இன்னாமே, வருஷா வருஷம் அந்தப் படகுக்கு முந்திரிக்கொட்ட எண்ண பூசுனது யாரு? நீதான?" என்றார் வீட்டுக்காரர்.

நான்தான். மரத்தைப் பூச்சி அரிக்காமலிருக்க, அது குடிக்கக் குடிக்கத் தேய்த்தேன். பூச்சியைக் கொல்கிற எண்ணெய் மீனை மட்டும் விட்டுவைக்குமா? அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபம், என்மேலேயே. இரண்டு நாளாக அண்டாவில் பிடித்துவைத்திருந்த நல்ல தண்ணீருக்கு இரண்டையும் மாற்றினேன். இவற்றைச் சாகவிடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

சோப்பு போடாமல், வெறும் சுடுதண்ணீரிலேயே தொட்டியைப் பிசுக்குப் போகத் தேய்த்தேன். பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கொல்லையில் பட்டுப்போயிருந்த கொய்யாவின் வேரை வெட்டி, பட்டையை உரித்து, வேகவைத்து, டிரம்மில் ஊறப்போட்டேன். தண்ணீர் டீ மாதிரி சிவந்தது. நிறம் இறங்குவது நிற்கும்வரை தினமும் மாற்றினேன். வாரக்கணக்கில் ஆனது.

"மீனுக்கா, மாப்பிள்ளைக்கா இவ்ளோ சடங்கு?" என்று கிண்டலடித்தாலும், டச்சுக் கோட்டை மேட்டுப் பக்கமிருந்து கை நிறையக் கல் பொறுக்கி வந்தார். எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தேன். நுரைத்தது. எல்லாம் பழைய சுண்ணாம்பு, தண்ணீரின் குணத்தையே மாற்றிவிடும். வெளியே கொட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் மறுபடி போய் ஆற்றுக் கல் கொண்டுவந்தார். அது நுரைக்கவில்லை.

வேரும் கல்லும் வைத்து, தண்ணீர் ஒரு வாரம் தெளிவாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே மீன்களை விட்டேன். மறுநாள் இரண்டும் தீனி தின்றன. ஆனால் நான் கிட்டே போனால் மட்டும் வேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன.

"செத்ததுக்குப் பதிலா இன்னொண்ணு வாங்கியாரட்டா?" என்றார்.

"வேணாய்யா," என்றேன். "மொதல்ல இந்த ரெண்டும் என்ன நம்பட்டும்."