கே, ஏ, எல்

மருத்துவமனையில் அவளைக் கம்ப்யூட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்து லேபிள் அச்சடிக்கும் புரோகிராமை ஒன்பது வருடத்துக்கு முன் தனியாளாக எழுதியவள். எந்த வரி எதற்கு என்று குறிப்பு எழுதும் வழக்கமே அவளுக்கில்லை. கேட்டால் நெற்றியைத் தட்டிக்காட்டி, எல்லாம் இங்கே இருக்கிறது என்பாள். வீட்டிலும் அப்படித்தான். மாமனாரின் கண்ணாடிப் பவர் முதல் கொழுந்தனின் செருப்பு அளவு வரை நாக்கு நுனியில் வைத்திருப்பாள்.

அந்தத் தலை இன்று அவளைக் கைவிட்டது.

மருந்தகத்துப் பெண் ஒரு லேபிளோடு வந்து நின்றாள். டாக்டர் எழுதியது காலையில் ஒரு மாத்திரை, அச்சானது கால் மாத்திரை. அதுவும் இதய நோயாளிக்கு. கொடுப்பதற்குள் பார்த்துவிட்டாளாம். ஆனால் நேற்று மதியத்திலிருந்து பத்தொன்பது பேர் லேபிளோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நேற்று புரோகிராமில் கை வைத்தது அவளுடைய ஓரகத்தி. இரண்டு மாதத்துக்கு முன் அதே அறையில் வேலைக்குச் சேர்ந்தவள். குழந்தைகளுக்கான கால் மாத்திரை 'காலை மாத்திரை' என்று அச்சாகிறதே என்று, புரோகிராமில் கே, ஏ, எல் என்ற மூன்றெழுத்துச் சுருக்கப் பெயருக்கு நேரே இருந்த 'காலை'யை 'கால்' என்று மாற்றியிருக்கிறாள்.

"நான் கால்னு படிச்சேன்க்கா. நீங்க காலைன்னு நினைச்சு எழுதினீங்களா?"

கம்ப்யூட்டரக்கா திரையைப் பார்த்தாள். அந்த மூன்று எழுத்து நாற்பத்தோரு இடத்தில் இருந்தது. ஒரு வரியில் அது காலைதான், சந்தேகமில்லை. அடுத்த பக்கத்தில் கால்பங்கு. அதற்கடுத்ததில் இரண்டுமாக இருக்கலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் குறிப்பு இருந்தது: இங்கே ஜாக்கிரதை.

எதற்கு ஜாக்கிரதை? அதை எழுதிய நாளில் மகனுக்குக் காய்ச்சல் அடித்தது ஞாபகம் வந்தது. மடியில் கிடந்த பிள்ளையின் சூடுகூட ஞாபகம் வந்தது. காரணம் மட்டும் வரவில்லை. கண்கள் நிறைந்து எழுத்துகள் கலங்கின.

"இன்னும் ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருக்கக் கூடாதாக்கா?"

"அப்ப எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

"இப்ப?"

"தெரியலைம்மா." அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து ஓரகத்தி கேட்பது அதுதான் முதல் தடவை.

அச்சை நிறுத்தி, கையால் எழுதிக் கொடுக்கச் சொல்லி மருந்தகத்துப் பெண்ணை அனுப்பினாள். ஓரகத்தி நாற்பத்தோரு இடத்திலும் முழுப்பெயர் வைக்க உட்கார்ந்தாள். ஒவ்வொரு இடத்திலும் கை நின்று நின்று போனது. கம்ப்யூட்டரக்கா பத்தொன்பது பேருக்கும் போன் போட ஆரம்பித்தாள். ஆறு பேர் லேபிள் சரியாக இருந்தது. நாலு பேர் இன்னும் மாத்திரையைப் பிரிக்கவேயில்லை.

பதினோராவது ஆள் ஒரு பெரியவர். களிம்பு வாங்கிப் போனவர்.

"தோள் வலின்னுதாம்மா காட்டினேன். ஒட்டியிருந்ததுல கால்னு போட்டிருந்துச்சு. பெரிய டாக்டராச்சே, காரணம் இல்லாமலா இருக்கும்னு ரெண்டு வேளையா கால்ல தடவிக்கிட்டு இருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. காலில் வேண்டாம், தோளில் காலையில் மட்டும் தடவுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அது காலைதானா?

"கொஞ்சம் லைன்லயே இருங்கய்யா," என்றாள். "டாக்டரையே கேட்டுட்டு வந்துடறேன்."