வெள்ளைப் பக்கம் மேலே

தபித்தாளின் மேசையில் எல்லா அட்டைகளும் வெள்ளைப் பக்கம் மேலே பார்த்தபடிதான் கிடக்கும். கோடு போடுவது அந்தப் பக்கத்தில். படம் மேலே இருந்தால் கை தயங்கும் என்பாள். குழந்தை இயேசுவின் கழுத்தில் கத்தரியை வைக்க யாருக்கு மனசு வரும்? கவிழ்த்துப் போட்டுவிட்டால் அது வெறும் அட்டை.

குன்னூர் அருகே ஜெகதளாவில், தேயிலைச் சரிவு முடிந்து ரோடு திரும்பும் இடத்தில் அவள் வீடு. கணவர் எட்மண்ட் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் எலெக்ட்ரீஷியனாக இருந்தார். ஒரு மழைக்காலக் காலையில் ஷூ கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஒரே மகள் ஷைனாவுக்குக் கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை. அடக்கம் முடிந்து மகளும் பஸ் ஏறிய பிறகு, அலமாரியில் இருந்த பிஸ்கெட் டின்னைத் தபித்தாள் திறந்தாள். கிறிஸ்துமஸுக்கு ஆட்கள் வாழ்த்து அட்டை அனுப்பிய காலத்தில் வந்தவை, டின் நிறைய இருந்தன. தூக்கிப் போடவும் முடியவில்லை, வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. ஒன்றை மடித்துப் பெட்டி செய்து, அதில் மகளுக்குப் பிடித்த தேங்காய் மிட்டாயை வைத்து அனுப்பினாள். அதை யாரோ பார்த்து, குன்னூரில் ஹோம்மேட் சாக்லேட் விற்கும் கடைக்காரர் ஒருவர் கேட்டார். அப்படியே தொழிலாகிவிட்டது.

மூடிக்கு வாழ்த்து அட்டை. அடிப்பாகத்துக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் தடவிய மூலையை நறுக்கிவிட்டு. மூடியைவிட அடிப்பாகம் நகக்கனம் சின்னதாக இருக்க வேண்டும். அப்போதுதான் மூடி மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு இறங்கும். பெட்டி தொய்யாமல் இருக்க உள்ளே ஒரு அடி அட்டை உண்டு. அதை ஒட்டுவதில்லை. மலையில் பனி இறங்கும் மாதங்களில் பசை காயாது. ஒட்டினால் அட்டை நெளிந்து, இரண்டு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் கெட்டியான அட்டை எதுவானாலும் அளவுக்கு வெட்டி, வெள்ளைப் பக்கம் மேலே வைத்து, சும்மா உள்ளே போட்டுவிடுவார்கள். அடியில் என்ன அச்சாகி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

கூட வேலை செய்தவள் பக்கத்து லைன் வீட்டு மூக்கம்மா. பழைய பேப்பர் எடுப்பவர் கொண்டுவரும் அட்டை மூட்டையைப் பிரித்து ரகம் பார்ப்பது அவள் பொறுப்பு. இந்து வீடுகளிலிருந்து வரும் மூட்டையில் கருமாதிப் பத்திரிகை இருக்காது. படித்ததும் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். சர்ச் வீடுகள் வேறு மாதிரி. இறந்தவரின் நினைவு அட்டையை வேதாகமத்துக்குள் வைத்துக் காப்பாற்றுவார்கள். தப்பித் தவறி அப்படி ஒன்று மூட்டையில் வந்தால் கறுப்புக் கட்டத்தைப் பார்த்ததும் மூக்கம்மா எடுத்துத் தனியே வைப்பாள். தபித்தாள் அதை வெட்ட மாட்டாள். எட்மண்டின் முதலாம் ஆண்டு நினைவு அட்டையும் அப்படித்தான் இருந்தது. சர்ச்சில் கொடுத்தது போக மிஞ்சிய ஒன்று. மேசைக்கு மேலே பலகையில், சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல அதில் எட்மண்ட் லேசாகத் தலையைச் சாய்த்திருந்தார்.

குன்னூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ராஜசேகர் தன் மகள் கல்யாணத்துக்குப் பெட்டி கேட்டார். தாம்பூலப் பைக்குப் பதிலாக ஆளுக்கொரு பெட்டி, உள்ளே சாக்லேட்டும் குங்குமச் சிமிழும். இத்தனை பெரிய ஆர்டர் அதுவரை வந்ததில்லை. இரண்டு பேரும் ராப்பகலாக மடித்தார்கள். வெள்ளிக்கிழமை ஜீப் வந்து எடுத்துப் போயிற்று.

சனிக்கிழமை காலை மேசைக்கடியில் கூட்டும்போது விளக்குமாற்றில் ஒரு துண்டு சிக்கியது. விரல் அகலம்கூட இல்லை. ஒரு ஓரத்தில் கறுப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே பாதி எழுத்துகள்: முதலாம் ஆண்டு நினை.

தபித்தாள் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

ஜன்னல் திறந்து கிடந்தது. காற்று தள்ளியிருக்கிறது. அட்டை கவிழ்ந்து, வெட்ட வேண்டிய அட்டைகளோடு விழுந்திருக்கிறது. அவள் தன் கையாலேயே அதன் மேல் அளவுத் தகட்டை வைத்து, கோடு போட்டு, நான்கு பக்கமும் நறுக்கி, எடுத்துப் போட்டிருக்கிறாள். வெள்ளைப் பக்கம் மேலே. முகத்தில் கத்தரி பட்டிருக்காது, அந்த அளவு அவளுக்குத் தெரியும். கறுப்புக் கட்டம் போயிருக்கும். முகமும், அதன் கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும் முழுசாக இருக்கும். எந்தப் பெட்டியில் என்பதுதான் தெரியாது.

தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாண வீட்டில் யாரோ சாக்லேட்டை எடுத்துவிட்டுப் பெட்டியைத் தட்டுவார்கள். அடி அட்டை புரண்டு விழும். தாலி ஏறும் நேரத்தில் ஒரு செத்தவர் முகம். அந்தப் பெண்ணுக்கு நாளை தலைவலி வந்தால்கூட இதைத்தான் சொல்வார்கள். ஆயுசுக்கும் சொல்வார்கள்.

மகளுக்குப் போன் போட்டாள். ஷைனா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒரு அட்டைதானா, நிச்சயமா? பிறகு, போய்ச் சொல்லிவிடு என்றாள். மூக்கம்மா வேறு கட்சி. வாயைத் திறந்தால் இந்த மலையில் இனி ஒருத்தரும் பெட்டி வாங்க மாட்டார்கள் என்றாள். சொல்லிவிட்டு, அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"அண்ணன் உசுரோட இருக்கறப்பவே கூப்புடாத கல்யாணத்துக்கெல்லாம் போவாரு. இப்பவும் போயிட்டாரு பாருங்கக்கா."

தபித்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் வரவேற்பு. கைப்பையில் பசை டப்பாவை எடுத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பனியில் எதிரே வரும் வண்டி தெரியாமல் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு ஹாரனுக்கும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மண்டபத்தில் வாழை கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அம்மா சுஜாதா பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். பனிக்குப் பசை விட்டிருக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்று தபித்தாள் பொய் சொன்னாள். சுஜாதாவும் நம்பி ஸ்டோர் ரூமைக் காட்டிவிட்டுப் போனாள். பெட்டிகள் சுவர் முழுக்க அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் சாக்லேட் நிரப்பியாகிவிட்டது.

ஒன்றை எடு, திற, மடியில் கொட்டு, அடி அட்டையைத் திருப்பிப் பார், போடு, நிரப்பு, மூடு. யாருடைய காதுகுத்தோ. யாருடைய புதுமனைப் புகுவிழாவோ. அவள் முகத்தைப் பார்த்து வாழ்ந்த மனுஷன். இப்போது அந்த முகம் தென்பட்டுவிடுமோ என்று பயந்தாள். தென்படாமல் போய்விடுமோ என்று அதைவிடப் பயந்தாள்.

கதவு திறந்ததை அவள் கவனிக்கவில்லை. சுஜாதா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பசைதான் பாக்கறீங்களா? அட்டையத் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்களே. ஏனுங்க, எதையாச்சும் தேடறீங்களா?"

தபித்தாள் கைப்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து நீட்டினாள். சுஜாதா படித்தாள். திரும்பிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"யாருங்க இது?"

"என்ற ஊட்டுக்காரருங்க அம்மணி. பலகைல இருந்து விழுந்துருச்சு. பாக்காம வெட்டிப்போட்டனுங்க."

சுஜாதா திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து ஒரு பெட்டியைத் திறந்து கொட்டினாள். வெளியே நாதஸ்வரக்காரர் ஒத்திகை பார்த்தார். யாரோ கதவைத் தட்டி, அண்டா எங்கே என்று கேட்டார்கள். உள்ளே புடவை மாற்றுகிறோம் என்று சுஜாதா குரல் கொடுத்தாள். சாக்லேட் உருகி இரண்டு பேர் விரலிலும் ஒட்டியது. கடைசி வரிசை வரை பார்த்தார்கள். எட்மண்ட் இல்லை.

அப்புறம்தான் சுஜாதாவுக்கு நினைவு வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு கட்டு காலையிலேயே போய்விட்டது. எமரால்டு ஊரில் இருக்கும் வயதான சொந்தக்காரர்களுக்கு ஒரு கட்டு ஆள்வசம் போயிருக்கிறது. இனிப் போய்க் கேட்க முடியாது. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

"இது நம்ம ரெண்டு பேரோட போகட்டுங்கக்கா," என்றாள் சுஜாதா. புடவையில் ஒட்டிய சாக்லேட்டைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தாள். கதவைத் திறக்கும் முன் நின்றாள். "நாளைக்கு நீங்க வர வேண்டாங்க. தப்பா நெனைக்காதீங்க. எனக்குப் பயமா இருக்குது."

தபித்தாள் சமையல்கட்டு வழியாக வெளியே போனாள்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளை வாட்டியது. அட்டை எங்கோ ஒரு வீட்டில், ஒரு பெட்டியின் அடியில், முகம் கவிழ்ந்து கிடக்கிறது. எந்த நேரமும் யாரும் அதைத் தட்டலாம். போன் அடித்தால் எடுக்கத் தயங்குவாள். ஜெபத்தில் உட்கார்ந்தால் வேறு எதுவும் வரவில்லை. யாரும் அதைத் திருப்பிப் பார்க்கக் கூடாது ஆண்டவரே என்பது மட்டும் வந்தது. சர்ச் ஆயரிடம் சொல்லவும் கூசினாள். மழைக்காலத்தில் ஒருநாள் சுஜாதாவிடமிருந்து போன். மாப்பிள்ளை பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது என்றாள். உடனே வைத்துவிட்டாள். தபித்தாள் அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அதைவிடக் கொடுமை வேறொன்று இருந்தது. எட்மண்டை நினைத்தால் அந்த அட்டைதான் நினைவுக்கு வந்தது, அட்டையோடு பயமும் வந்தது. ஷூ மாட்டியது, மீன் குழம்பில் முள் எடுத்துக் கொடுத்தது, எல்லாம் அந்தப் பயத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டன. புருஷன் செத்த பிறகு இருந்தது வெறும் துக்கம். அதோடு வாழ முடிந்தது. இப்போது அவரையே கண்டு பயப்பட வேண்டியிருந்தது. ஆல்பத்தை எடுத்துப் பார்க்கவும் துணிச்சல் இல்லை. லீவில் வந்த ஷைனா வேறு படம் பெரிதாகப் போட்டு மாட்டலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். மகள் பிறகு கேட்கவில்லை.

பெட்டி செய்வதை நிறுத்தவில்லை. ஆனால் எந்த அட்டையையும் இரண்டு பக்கமும் பார்க்காமல் கத்தரியை எடுப்பதில்லை. பார்த்ததை மறுபடியும் பார்ப்பாள். மூக்கம்மா மூன்று பெட்டி முடிப்பதற்குள் இவள் ஒன்று முடிப்பாள்.

அடுத்த கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, பழைய பேப்பர் எடுக்கும் சின்னராஜ் எமரால்டு பக்கமிருந்து ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டார். அட்டையாக இருந்தால் தபித்தாள் வீட்டுக்கு என்பது அவர் வழக்கம். மூக்கம்மா மூட்டையைக் கவிழ்த்தாள். கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே ஒரு பெட்டி வந்து விழுந்தது. மூடியில் பனி மூடிய ஒரு சர்ச்சின் படம், ஓரம் கொஞ்சம் நசுங்கியிருந்தது. அவர்கள் செய்ததுதான்.

தபித்தாள் அதைத் தொடவில்லை. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

மூக்கம்மா திறந்தாள். சாக்லேட் சுற்றிய ஜிகினாத் தாள் இரண்டு. அடி அட்டை அதன் இடத்தில் இருந்தது, வெள்ளைப் பக்கம் மேலே. சாக்லேட் உருகிக் காய்ந்து அதைப் பெட்டியோடு ஒட்டியிருந்தது. இத்தனை மாதமும் யாரும் அதை அசைத்திருக்கவில்லை. அவள் நகத்தை விட்டு நெம்பி எடுத்து, திருப்பினாள்.

எட்மண்ட் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்லேட்டு பூராத்தையும் தின்னுபோட்டு ஊட்டுக்கு வந்துட்டாருக்கா," என்றாள் மூக்கம்மா. பிறகு அவளே அழுதாள்.

தபித்தாள் சுஜாதாவுக்குப் போன் போட்டாள். கிடைத்துவிட்டது, யாரும் பார்க்கவில்லை என்றாள். கிழிச்சுருங்கக்கா என்றாள் சுஜாதா. சரிங்க என்றாள் தபித்தாள். கிழிக்கவில்லை. வேதாகமத்தில் வைத்தாள். சங்கீதத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் கை கொஞ்சம் தயங்கும். தயங்கி, பிறகு திறக்கும். பயம் முழுசாகப் போகவில்லை. முகம் மட்டும் திரும்பி வந்தது.

பங்குனியில் சுஜாதா பேரனுக்குப் பெயர் சூட்டப் பெட்டி கேட்டாள். ஒரே ஒரு நிபந்தனை: அடி அட்டை வேண்டாம். அந்தப் பெட்டிகள் தொய்ந்துதான் போயின. யாரும் குறை சொல்லவில்லை.

தபித்தாள் இறந்து ஒரு வருடம் ஆனபோது நினைவு அட்டை அச்சடிக்க ஷைனா குன்னூருக்குப் போனாள். ஒரு பக்கம் போதுமே, பின்பக்கம் வெறுமையாக விடலாம், செலவும் குறையும் என்றார் அச்சகக்காரர். அவள் வேண்டாம் என்றாள்.

இரண்டு பக்கமும் அம்மாவின் முகத்தைப் போடச் சொன்னாள்.