மங்காவை எடுத்துவிட்ட குடும்பப்படம்

அலர்மேல்மங்கையை நாகலாபுரத்தில் மங்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதெல்லாம் கூப்பிட்ட காலத்தில். தொண்ணூற்றாறில் அவள் காலனிப் பக்கத்துச் சின்னப்பனைக் கட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போனதும், அவளுடைய நைனா நாராயணசாமி தலைமுழுகிவிட்டு வந்து, அந்தப் பெயரை இனி வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணன் கோவர்த்தனன் அதோடு நிற்கவில்லை. ரேணிகுண்டா லாரி ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சின்னப்பனை ஆள் வைத்து அடித்தான். அன்றைக்குப் போன இடது காது இன்றைக்கும் கேட்காது. போலீசுக்குப் போகலாம் என்றாள் மங்கா. சின்னப்பன் வேண்டாம் என்றுவிட்டான். போக வழியில்லாத கோபம் அவளிடமே தங்கிவிட்டது.

திருப்பதியில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மங்கா ஒரு கலர் லேபில் பிரிண்டுகளை அடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே போட்டோஷாப் கற்றுக்கொண்டாள். லேபை மூடியபோது ஒரு பழைய கம்ப்யூட்டரையும் ஸ்கேனரையும் வாங்கி வீட்டு முன்னறையில் போட்டுக்கொண்டாள். பெங்களூருக்கும் குவைத்துக்கும் அமெரிக்காவுக்கும் போனவர்கள் புது வீடு கட்டி, பழைய படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட ஆரம்பித்திருந்தார்கள். தங்களால் ஆகாத படங்களை ஸ்டூடியோக்காரர்கள் அவளிடம் அனுப்புவார்கள்.

ஆகாதவை பெரும்பாலும் சில்க் பேப்பர் படங்கள். எண்பதுகளில் அந்தப் பேப்பரில் பிரிண்ட் போடுவது கௌரவம். அதில் தேன்கூடு போலப் பொடிப்பொடியாக மேடு இருக்கும். கையில் வைத்துப் பார்த்தால் அழகுதான். ஸ்கேனரில் வைத்தால் ஒவ்வொரு மேட்டிலும் வெளிச்சம் பட்டு, முகமெல்லாம் அம்மை வார்த்த மாதிரி வெள்ளைப் புள்ளி விழும். புள்ளியைப் போக்குகிறேன் என்று முகத்தையே மாவு பொம்மையாக்கிவிடுவார்கள் மற்றவர்கள். மங்கா படத்தை நேராக ஒரு தடவையும் தலைகீழாக ஒரு தடவையும் ஸ்கேன் செய்வாள். மினுக்கம் இரண்டிலும் எதிரெதிர்ப் பக்கம் விழும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி, இதில் மினுங்கும் இடத்தை அதிலிருந்து எடுத்து அடைப்பாள். மீதியைக் கண்ணும் கையும் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் நாகேந்திரன் என்ற ஸ்டூடியோக்காரர் ஒரு கவரோடு வந்தார்.

"பார்ட்டிக்குக் கிருகப்பிரவேசம் மேடம், அர்ஜெண்ட்டு. புள்ளி எல்லாம் போவணும். அந்தச் சின்னப் பொண்ணையும் எடுத்துடணுமாம்."

கவரைப் பிரித்தாள். புத்தூர் ஸ்டூடியோவில் எடுத்த படம். நாற்காலிகளில் நைனாவும் அம்மா கமலம்மாவும். நைனா பக்கத்தில் கோவர்த்தனன். அம்மா மேல் சாய்ந்தபடி, பாவாடை சட்டையில் அவள். அவள் தோளில் அம்மாவின் கை.

"பார்ட்டிய வரச் சொல்லுங்க," என்றாள். "நேர்ல பேசணும்."

மறுநாள் கோவர்த்தனன் காரில் வந்து இறங்கினான். பெங்களூரில் பெரிய கம்பெனி உத்தியோகம், தலை வழுக்கையாகியிருந்தது. கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் அவன் முகம் இறுகியது.

"படத்தக் குடு. வேற எடத்துல பாத்துக்கறேன்."

"என்னிய எடுக்கச் சொன்னது நீயா?"

"அம்மா."

"பொய் சொல்லாத."

அவன் செல்போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். "அம்மா, படத்துலருந்து அவள எடுக்கச் சொன்னது யாரு?"

"நான்தாண்டா. எத்தினி வாட்டி கேப்ப?"

"ஏம்மா?" என்றாள் மங்கா. ஊரை விட்டு வந்த பிறகு அம்மாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

 "தெனம் அத்தப் பாத்துக்கினு என்னால இருக்க முடியாது," என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழம ஆள அனுப்பு," என்று மங்கா கதவைச் சாத்தினாள்.

"நீ ஏன் செய்யற?" என்று சின்னப்பன் கேட்டான். "திருப்பிக் குடுத்துடு."

"வேற எவன்னா செஞ்சா அம்மாவ அசிங்கம் பண்ணிடுவான்."

தன் முகத்தை அழித்தபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பின்னால் தொங்கிய ஸ்டூடியோத் திரையை இழுத்து அந்த இடத்தை மூடினாள். அம்மாவின் கைதான் அந்தரத்தில் நின்றது. அதை எடுக்கப் போனபோது மவுஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். திரும்பி வந்து, மடியில் இருந்த இடது கையைப் பார்த்து ஒரு வலது கையைச் செய்து, அதன் மேலேயே வைத்தாள். வேலை சுத்தமாக இருந்தது. அண்ணன் குறை சொல்ல ஒரு இடம்கூட இருக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

கிருகப்பிரவேசம் முடிந்த சில நாளில் கோவர்த்தனனே வந்தான். தெருவில் நின்றே கத்தினான்.

"வேணும்னே கெடுத்து வெச்சிருக்கற. சொந்தக்காரங்க முன்னாடி அம்மா, 'இது என் கையே இல்ல'ன்னு படத்தச் செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிட்டா. பழையபடி போட்டுக் குடு, நீ இருக்கற மாதிரியே."

"பழசு ஓங்கிட்டதான இருக்குது?"

"கிழிச்சிப் போட்டுட்டேன்."

அப்படியென்றால் அந்தப் படம் இனி அவள் கம்ப்யூட்டரில் மட்டும்தான். அது புரிந்த கணத்தில் மங்காவுக்கு வந்த சந்தோஷம் நல்ல சந்தோஷம் இல்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"அம்மா வரட்டும். இங்க வந்து, எம் புருஷன் வீட்ல ஒக்காந்து கேக்கட்டும். குடுக்கறேன்."

"இந்த வாசப்படிய அவ மிதிப்பாளா?"

"மிதிக்காம இருக்கட்டும்."

அவன் சின்னப்பனைச் சாதி சொல்லித் திட்டினான். கேட்காத காதைத் தெருப் பக்கம் வைத்து உட்கார்ந்திருந்த சின்னப்பன் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தான். மங்கா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அண்ணன் நின்ற இடத்தில் ஊற்றினாள். செருப்பு நனைந்து அவன் பின்வாங்கினான். நேரே நாகேந்திரன் கடைக்குப் போய் அங்கேயும் சத்தம் போட்டான். அதிலிருந்து அவர் அவளுக்கு வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"மங்கா," என்றாள் அம்மா. "துன்னியா?"

"துன்னேன். நீ?"

"துன்னணும்."

படத்தைக் கேட்பாள் என்று மங்கா காத்திருந்தாள். அம்மா கேட்கவில்லை. தானாகத் தருகிறேன் என்று இவளுக்கும் வாய் வரவில்லை.  அங்கே யாரோ கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது, போன் நின்றது.

மங்கா திரும்ப அழைக்கவில்லை. வந்து கேட்டால்தான் தருவது என்ற முடிவை அவள் மாற்றிக்கொள்ளவும் இல்லை. கமலம்மா வரவில்லை.